மடிப்புக் கீறாத முதல் பதிப்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பொய்யென்றால் நாலும் இன்றைக்கே விழட்டும்.

என் தங்கை புருஷனைப் பற்றிய கதை இது. மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேர் அவன் தயவில்தான் எழுத்தைப் பார்த்தார்கள். அவன் மட்டும் ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் பேர்பெற்ற நாவல்களின் முதல் பதிப்பாகத் தேடித்தேடிச் சேர்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு. மழை பிடித்துக்கொண்டால் குடை புத்தகத்துக்கு, மழை என் தங்கைக்கு. அலமாரிப் பக்கம் போனால் மூச்சைப் பக்கவாட்டில் விடுவான். அந்த வீட்டுப் பூச்சிக்குக்கூட மரியாதை தெரியும், இரண்டாம் பதிப்பை மட்டும்தான் அரிக்கும்.

முதல் பதிப்பை அவன் வாசனையிலேயே கண்டுபிடிப்பான். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது மூக்கை உறிஞ்சினான், இறங்கினான், மூன்று தெரு நடந்து முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாவல். கட்டில் மேல் வீட்டுக்காரர் குறட்டை.

"எடுத்துக்கோங்க. ஆனா கட்டில் ஆடக்கூடாது, முழிச்சா கத்துவாரு" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

தன் வலது செருப்பை அங்கே செருகிவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தான்.

அந்த நாவலால்தான் வினை வந்தது. அந்தக் காலத்தில் சில புத்தகங்களைத் தாளை மடித்துத் தைத்து, ஓரத்தை வெட்டாமலே விற்பார்கள். வாங்குகிறவர் கத்தியால் மடிப்பைக் கீறிக் கீறிப் படித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு மடிப்புகூடக் கீறப்படவில்லை. பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. சேர்க்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

என் தங்கைக்கு உயிர் வேறு இடத்தில் இருந்தது. சின்ன வயதில் அந்த நாவலின் இரண்டாம் பதிப்பை அவள் படித்திருந்தாள். வாசகர்கள் அழுது தீர்த்துவிட்டார்கள் என்று எழுதியவரே அதில் முடிவை மாற்றிவிட்டாராம். அசல் முடிவு முதல் பதிப்பில் மட்டும்தான். இதற்குள் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நரம்பு காய்கிறது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னங்க, கடைசி மடிப்பை மட்டும் கீறிக் குடுங்க. கதையில வர்றவ வீட்டை விட்டுப் போனாளா, இருந்தாளான்னு பாத்துட்டுத் தந்துடறேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"உங்களுக்கு அவசரம் இல்லதான். கண்ணு என்னுதாச்சே."

"கண்ணு விஷயம் எனக்கா தெரியாது? வாராவாரம் கடையில பலகையைப் படிச்சுக் காட்டு. அஞ்சாவது வரி எப்பத் தெரியலையோ, அன்னைக்கே கீறித் தரேன்."

பலகை என்றால், கடைச் சுவரில் மேலிருந்து கீழே எழுத்து சிறுத்துக்கொண்டே வருமே, எட்டு வரி, அது. வாராவாரம் நாற்காலியில் உட்கார்ந்து எட்டு வரியையும் கடகடவென்று படித்துவிடுவாள். அவனும் நிம்மதியாக மடிப்பைக் காப்பாற்றிக்கொண்டான். ஒன்றரை வருஷம்.

நடுவில் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், அவள் அந்தப் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மடிப்புக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"என்ன பண்றே?"

"கிணத்துல எட்டிப் பாக்கறேன். 'அவள் கதவை' வரைக்கும் தெரியுது. திறந்தாளா சாத்தினாளா, அதுதான் தெரியல."

"ஐயோ, முதுகு உடைஞ்சிடும்!"

"யாருக்கு?"

"புத்தகத்துக்கு!"

"நல்லவேளை. ஒரு நிமிஷம் எம்மேல அக்கறை வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்."

பிறகு ஒரு வாரம் கடைக்கு வெள்ளையடித்தார்கள். வழக்கம்போல அவள் வந்தாள், சுவரைத் தடவிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள், எட்டு வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். மச்சான் திரும்பிப் பார்த்தான். சுவர் வெறுமையாக இருந்தது. வெள்ளையடிக்கிறவர் காலையிலேயே பலகையைக் கழற்றி வாசலில் சாத்தியிருந்தார்.

முப்பது வருஷமாக அந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள். வந்தவன் போனவனெல்லாம் பலகையைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்த்தவனுக்கு, வாராவாரம் பலகையை மாற்றவேண்டும் என்று தோன்றவில்லை.

"அஞ்சாவது வரி தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கீறியிருப்பேனே!"

"அதுக்காகத்தான் சொல்லல. உங்களுக்கா தோணிக் கீறுவீங்கன்னு பாத்தேன்."

அவன் வீட்டுக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட காய் நறுக்கும் கத்தியால் கடைசி மடிப்பைக் கீறினான். காகிதம் ஒரு பக்கம் கோணலாகக் கிழிந்தது. பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தான். வாழ்நாளில் அவன் படித்த முதல் ஏழு பக்கம். "அவள் கதவை..." வரைக்கும் வந்ததும் அவள் கையை நீட்டிப் பக்கத்தைப் பொத்திக்கொண்டாள்.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் ஒரே வரிதான்."

"வேண்டாம். நீங்க படிக்கறது கடையில 'தூரத்துக்கா, கிட்டத்துக்கா'ன்னு கேக்கற மாதிரியே இருக்கு. நான் பாத்துப் படிக்கணும்னுதானே கேட்டேன்?"

"அப்ப கதவு?"

"அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அதற்கப்புறம் அவள் நாலு வருஷம் இருந்தாள். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் போன பிறகும் அவன் அந்த வரியைப் படிக்கவில்லை. நானூற்றுப் பதினொன்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். மிச்சமிருந்த ஒன்று இப்போது என் கட்டில் காலுக்கு அடியில் இருக்கிறது. கட்டில் ஆடுவதில்லை.

மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தினமும் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்து நன்றாகத் திட்டிவிடுகிறேன்.

என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.