மின்னஞ்சலுக்குப் பின்னால் ஓர் இடைவெளி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இன்று காலை ஓர் இணையப் பக்கம் 'இப்படியொரு மின்னஞ்சல் இல்லை' என்று என்னைச் சிவப்பு எழுத்தில் திட்டியது. முகவரி சரிதான். அதன் வாலில் என் கைபேசி தானாகவே ஓர் இடைவெளியை ஒட்டிவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த அற்பத்தைக் கண்டுபிடிப்பதற்குள் என் காப்பி ஆறிப்போயிற்று.

2

'நார்வேயின் பெர்கன் நகரத்து மழையில் டோருன்...' (வேண்டாம். இந்த ஊரில் மழையை வைத்துத் தொடங்காத கதை உண்டா?)

டோருன் படகுப் பயணச்சீட்டு விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்துத் தீவிலிருந்து குட்வெய்க் என்பவள் கூப்பிட்டாள். (முதலில் இவளைத் தள்ளாத கிழவியாக எழுதினேன். பொய். சால்மன் மீன் பண்ணைக்காரி, குரல் படகு எஞ்சினையும் மீறிக் கேட்கும்.)

"திங்கக்கிழமை என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். படகுல இடம் போடணும். உங்க பக்கம் என் மின்னஞ்சலே தப்புங்குது!"

"முகவரிக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கும். அதை அழிச்சுடுங்க."

"பின்னாடி ஒண்ணுமே இல்லையே."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் அழிக்கணும்."

"இல்லாததை எப்படிம்மா அழிக்கிறது? குடிச்சிருக்கியா?"

முகவரியின் கடைசி எழுத்தையும் சேர்த்து அழித்துவிட்டு, குட்வெய்க் ஃபோனை வைத்துவிட்டாள்.

3

டோருன் நேராக மேலாளர் ஹால்வாரிடம் போனாள்.

"முன்னாடி பின்னாடி வர்ற ஸ்பேஸை நாமே வெட்டிடலாம். ஒரே வரி."

"ஒழுங்கா டைப் அடிக்கத் தெரியாதவங்களுக்கு நாம என்ன ஆயாவா?"

"அவங்க போடலப்பா, ஃபோன் போடுது!"

"அடுத்த மாசக் கூட்டத்துல பேசிக்கலாம்."

(இங்கே அவளுடைய மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு...) போராட்டமெல்லாம் இல்லை. கடுப்புதான். விவரம் நிரப்பும் எல்லாப் பெட்டிகளுக்கும் அந்த வரியைச் சேர்த்துத் தளத்தில் ஏற்றினாள். குட்வெய்க்கைத் தானே கூப்பிட்டாள்.

"இப்பப் போட்டுப் பாருங்க."

"அட, இடம் கிடைச்சிருச்சே! என்னத்தப் பண்ணினே?"

4

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் மாலையில் ஹால்வார் அறையிலிருந்து கத்தினான்: "என்னால தளத்துக்குள்ளயே போக முடியல!"

எல்லாப் பெட்டிகளும் என்றால் கடவுச்சொல் பெட்டியும்தான். ஹால்வார் தன் கடவுச்சொல்லின் கடைசியில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி வைத்திருந்தான். யாராலும் ஊகிக்க முடியாதாம். தளம் இப்போது அதையும் வெட்டிக்கொண்டிருந்தது.

டோருனுக்குக் காது சிவந்துவிட்டது. கடவுச்சொல்லில் கை வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல, கோபத்தில் விட்டுவிட்டாள். அந்தப் பெட்டிக்கு மட்டும் விலக்கு கொடுத்தாள். ஹால்வார் உள்ளே போனான்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள்.

"அப்ப மத்ததையும் எடுத்துடு. யாரைக் கேட்டுப் பண்ணினே?"

"எடுத்தா தீவுக்காரங்க சீட்டு இல்லாம கரையிலதான் நிப்பாங்க. வேணும்னா நீயே எடு. நான் எடுக்க மாட்டேன்."

5

முடிவுகளை எழுதி எழுதி அடித்தேன். ஹால்வார் சிரித்துக்கொண்டே கைகுலுக்குகிறான். (இப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்தவன் நான், என்னாலேயே நம்ப முடியவில்லை.) டோருனை வேலையைவிட்டு நீக்குகிறான். (நார்வேயில் அது அவ்வளவு சுலபமில்லை.) அவன் அந்த வரியை அழிக்க விசைமேல் விரலை வைத்து,

முடிக்க மாட்டேன். குட்வெய்க்கின் கணவனுக்குப் படகில் இடம் உறுதி. அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். மற்றத் தீவுக்காரர்களின் கதிதான் பாக்கி. சிவப்பு எழுத்தில் நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள். 'யாரைக் கேட்டுப் பண்ணினே?' என்ற ஹால்வாருக்கான பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். நாகரிகமாகத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.