பிட்டர்வெல் சந்தில் பதினோரு அடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. நகரின் பழைய தெருக்களைப் பற்றிச் சின்னப் புத்தகம் போடும் குழு ஒன்று, பிட்டர்வெல் சந்துக்கு இரண்டு பக்க வரலாறு கேட்டது. இருபத்து மூன்று வருடமாக அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். நான் எழுதிய முதல் வரி:

‘நகரின் நடுவே, இரண்டு தேவாலயங்களுக்கு இடையே வளைந்து செல்லும் பிட்டர்வெல் சந்து, எழுநூறு ஆண்டுகளாக

எழுநூறு ஆண்டுகளாக என்ன செய்தது? வளைந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: ‘முதலில் தோல் பதனிடுகிறவர்கள், பிறகு பொத்தான் செய்கிறவர்கள், பிறகு குண்டு, பிறகு கார் நிறுத்துமிடம், பிறகு நகத்துக்குச் சாயம் பூசும் கடை.’ (உலகப் போரின் குண்டு 1941இல் விழுந்தது. வடக்குப் பக்கத்தில் ஆறு வீடுகள் போயின. அதை இப்படி ஒரு சொல்லில் கடப்பது தப்பு. தெரிந்தேதான் கடக்கிறேன்.)

மூன்றாவது முயற்சிக்குள் என் ஷூவின் குதி பிய்ந்துவிட்டது. ஒன்பதாம் எண் கடைக்குப் போனேன். இரண்டு பக்க வரலாறு இன்றுவரை முடியவில்லை.

2

ஒன்பதாம் எண்ணில் வில்ஃப் ஹாலம் செருப்புத் தைக்கிறார், சாவி வெட்டுகிறார். வயது எழுபத்தொன்பது. கடைக்குப் பின்னால் சமையலறை, மேலே படுக்கையறை, இரண்டுக்கும் அதிபதி அவர் மனைவி ஐரிஸ்.

சந்தின் ஒரு முனையில் புனித ஓலாவ் கோயில், மறுமுனையில் புனித ஆன் கோயில். இரண்டு கோயில்களின் பங்குகளையும், அதாவது ஒவ்வொன்றுக்கும் உட்பட்ட பகுதிகளையும், பிரிக்கும் எல்லைக்கோடு இந்தக் கடைக்குள் குறுக்கே ஓடுகிறது. கோடு போட்டபோது கடை இல்லை. கடை கட்டியபோது கோட்டை யாரும் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை, ஓலாவ் கோயில்காரர்கள் ஆளுக்கொரு நீண்ட குச்சியோடு ஊர்வலமாக வந்து தங்கள் எல்லைக்கற்களை அடித்துவிட்டுப் போவார்கள். வில்ஃப் கடையில் மேசைப் பலகையைத் தூக்கி வழிவிட்டு நிற்பார். மாடிப்படிக்குக் கீழே சுவரில் பதிந்திருக்கும் கல்லில் பாதிரியார் சாக்கட்டியால் சிலுவையும் ஆண்டும் எழுதுவார். எல்லோரும் “குறி, குறி, குறி” என்று கத்திக்கொண்டு குச்சியால் சாத்துவார்கள். பிறகு ஐரிஸ் தரும் பாலாடைக்கட்டி ரொட்டி. பிறகு அடுத்த கல். அது ஒரு வங்கிக்குள் இருக்கிறது, அங்கே ரொட்டி கிடையாது.

[இந்தப் பத்தியில் விளக்கம் கூடிவிட்டது. வெட்ட மனம் வரவில்லை.]

3

இந்த வருடம் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஓலாவ் கோயிலின் பெண் பாதிரியார் பிலிப்பா ஒரு பழைய வரைபடத்தின் நகலோடு கடைக்கு வந்தார். நானும் ஒற்றைக் காலில் ஷூவோடு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“வில்ஃப், சந்தோஷமான சேதி. உங்க கல்லுக்குக் கீழ, தரையில ஒரு பித்தளைத் தகடு பதிக்கப் போறோம். ‘பங்கு எல்லை, வாசலிலிருந்து இத்தனை அடி’ன்னு. வியாழக்கிழமை திறப்பு.”

“ரொம்ப நல்லதும்மா” என்றார் வில்ஃப். குரலில் நல்லது எதுவும் இல்லை.

“ஒரே ஒரு சிக்கல். 1794இல அளந்தவர் பத்தொன்பது அடின்னு எழுதியிருக்கார். நான் இப்பதான் அளந்தேன், பதினொண்ணுதான் வருது.”

“அந்தாளு குடிச்சிருப்பாரு.”

“மத்த பன்னெண்டு கல்லையும் அங்குலம் பிசகாம அளந்திருக்காரே.”

“அப்ப பதிமூணாவதுக்கு வர்றப்பதான் குடிச்சிருப்பாரு. பக்கத்துலயே மதுக்கடை இருக்குல்ல.”

பிலிப்பா சிரித்தார். என்னைப் பார்த்து, “அப்ப நீங்களும் உங்க புத்தகத்துல பதினொண்ணுன்னே போடுங்க. அளந்தவர் தப்பா அளந்துட்டார்னு ஒரு வரி சேர்த்துடுங்க” என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே ஐரிஸ் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றிருந்தது, அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

பிலிப்பா போனதும் வில்ஃப் கதவைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், என் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, அந்தாளு குடிக்கல. கல்லை நகத்துனது நான்.”

“எப்போ?”

“எழுபத்தொண்ணுல. பிப்ரவரி, ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம். ரெண்டு கோயில்லயும் மணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தத்துலதான் உளியப் போட்டேன்.”

இங்கே எழுத்தாளனுக்கு உள்ள சலுகையை எடுத்துக்கொண்டு வில்ஃபின் மனதுக்குள் நுழைகிறேன். அவருக்கு இருபத்தைந்து வயது. இதே மாடியில் வாடகைக்கு இருக்கிறார். ஐரிஸ் ஏற்கெனவே ஒருவனைக் கட்டி, விவாகரத்து வாங்கியவர். விவாகரத்தானவளுக்குத் தன் கோயிலில் கல்யாணம் கிடையாது என்று ஓலாவ் பாதிரியார் சொல்லிவிட்டார். ஆன் கோயில் பாதிரியார் செய்து வைப்பார், ஆனால் தன் பங்கில் வசிக்கிறவர்களுக்குத்தான். பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொள்ளலாமே என்று வில்ஃப் கேட்டார். அப்படியென்றால் தன் அம்மா வரமாட்டாள் என்று ஐரிஸ் அழுதார். அதுவரை ஐரிஸ் அழுது வில்ஃப் பார்த்ததில்லை.

கல் அப்போது சமையலறையில், பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு மேலே, பத்தொன்பது அடியில் இருந்தது. கல்லுக்கு முன்னால் ஓலாவ், பின்னால் ஆன்; அதனால் மாடி முழுக்க ஓலாவ் பங்கு. கல்லைப் பெயர்த்து எட்டடி முன்னால், வாசல் பக்கமாக, மாடிப்படிக்குக் கீழே பதித்தால், படுக்கையறை ஆன் பங்குக்குள் போய்விடும். பதித்தார். இரண்டு நாள் கழித்து ஆன் கோயிலின் வயதான பாதிரியார் பார்க்க வந்தார்.

“அவரு குனிஞ்சு, காரையில கட்டவெரல வச்சு அமுக்கினாரு. வெரல் உள்ள போயிடுச்சு, இன்னும் ஈரம். கைக்குட்டையில தொடச்சுக்கிட்டு என்ன கேட்டாரு தெரியுமா? ‘தலகாணி எந்தப் பக்கம்பா வைப்ப?’ பின்பக்கம்னேன். ‘அப்ப நீ என் பங்குதான்’னுட்டுப் போயிட்டாரு.”

“ஊர்வலத்துல வந்தவங்க யாரும் கேக்கலையா?”

“மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒருத்தரு மட்டும், ‘கல்லு தொட்டிகிட்ட இல்ல இருந்துச்சு?’ன்னாரு. தொட்டிய மாத்திட்டோம்னேன். சரின்னுட்டாரு.”

இதுதான் இந்த ஊர். அடுத்தவன் வீட்டுக்குள் நின்றுகொண்டு அவனைப் பொய்யன் என்று சொல்வதைவிட, ஐம்பத்து நான்கு வருடம் தப்பான சுவரை அடிப்பார்கள்.

“ஐரிஸுக்கு?”

“தெரியாது.” ஷூவைக் கீழே வைத்தார். “அவ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறா தம்பி. ‘கோடு எங்க தலகாணிக்கு முன்னாடியே போயிடுச்சு, என்னை வேண்டாம்னு சொல்ல ஓலாவுக்கு உரிமையே இல்ல’ன்னு. அவ அம்மா கல்யாணத்துக்கு வந்தது அதுக்காகத்தான். அத நான் எப்படி அவகிட்டருந்து பறிப்பேன்? பறிக்கலேன்னா, பித்தளையில பதினொண்ணுன்னு வந்து, அளந்த மனுசன் குடிகாரனாயிடுவான். நீ எத்தன அடின்னு போடப் போற?”

5

அன்று இரவு முழுக்க வில்ஃப் மேல் எனக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்: எட்டடிப் பொய்யை அரைநூற்றாண்டு சுமந்தவர், செத்து இருநூறு வருடமான ஒரு அளவைக்காரருக்காக இப்படி வருந்துவாரா? பிறகு, அவர் என் ஷூவின் மறு குதியையும் கேட்காமலேயே சரிசெய்திருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டுமாம். வருந்துவார்.

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

அ) ஊர்வலத்தின் நடுவே வில்ஃப் உண்மையைச் சொல்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (இந்த ஊரில் யாரும் அதற்குக் கைதட்ட மாட்டார்கள். ரொட்டியைப் பார்ப்பார்கள்.)

ஆ) வில்ஃப் சொல்லாமலே இருக்கிறார். தகடு மின்னுகிறது. தினமும் அதை மிதித்துக்கொண்டு மாடியேறுகிறார். (நடக்கக்கூடியது.)

இ) ஐரிஸ் என்னிடம் வந்து

இல்லை, ஐரிஸ் யாரிடமும் வந்து எதையும் சொல்லவில்லை.

6

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊர்வலம் வந்தது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடைக்குள் முப்பது பேர், முப்பது குச்சி. தகடு பதிக்கத் தரையில் இன்னும் பள்ளம் வெட்டியிருக்கவில்லை. தகடு பிலிப்பாவின் பையில் இருந்தது, அடி எண்ணை மட்டும் குறி போட்டபின் செதுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார். கல்லைக் காத்த குடும்பம் என்பதால் இந்த முறை வில்ஃபே குறி போடட்டும் என்று சாக்கட்டியை அவர் கையில் கொடுத்தார். வில்ஃப் மாடிப்படி நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

“வில்ஃப்” என்று சமையலறையிலிருந்து ஐரிஸ் கூப்பிட்டார்.

எல்லோரும் திரும்பினோம். வழக்கமாகத் தொட்டிக்கு மேல் கோப்பைகளும் தட்டுகளும் மலையாகக் கிடக்கும். அன்று ஒன்றும் இல்லை. தட்டு அடுக்கும் பலகையைக் கழற்றியிருந்தார். சுவரைத் துடைத்திருந்தார். அந்த வெற்றுச் சுவரில், ஒரு முழ அளவுக்கு மட்டும் பூச்சு வேறு நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது.

“இங்க ஒதுக்கித் தொடச்சு வச்சிருக்கேன்” என்றார்.

“எதுக்கு ஐரிஸ்?”

“எதுக்கா? கூட்டம் வருதுல்ல.” ரொட்டித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண் மட்டும் வில்ஃபை விட்டு அகலவில்லை.

வில்ஃப் நடுவில் நின்றார். இடப்பக்கம் மாடிப்படி, எதிரே தொட்டி. வெளியே ஒரு பேருந்து போயிற்று. பிலிப்பா என்னைப் பார்த்தார், நான் என் ஷூவைப் பார்த்தேன். வில்ஃப் ஒரு அடி எடுத்து வைத்தார்.

7

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அது அந்த இருவருடைய கல்யாணம், என்னுடைய இரண்டு பக்கம் அல்ல.

அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய வரி இப்படி நிற்கிறது:

‘ஒன்பதாம் எண் கடையில், வாசலிலிருந்து          அடியில் பங்கு எல்லை உள்ளது.’

இடம் விட்டிருக்கிறேன். பதினொன்றோ பத்தொன்பதோ, நீங்களே போடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். புத்தகம் வந்ததும் ஐரிஸ் முதல் பிரதியை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வில்ஃப் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகத்தான் வாசிப்பார்.