பழைய வேகம்

வளைத்துப் பார்த்த தகடு இந்த முறையும் பட்டென்று முறிந்தது. பேராசிரியர் திட்டவில்லை. கருவி இவ்வளவு மெதுவாகப் போனால் சூடு ஏறி எல்லாம் கெட்டுப்போகும், வேகத்தைக் கூட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்பிகாவுக்கு அது தெரியாததா?

வார்ப்பு மக்னீசியம் நல்ல லேசு, ஆனால் வளைத்தால் முறியும். சுழலும் எஃகு முனை ஒன்றை அதற்குள் அழுத்தி நகர்த்தினால் உலோகம் உருகாமலே மாவாகக் குழையும். உள்ளே கல்லுப்பு மாதிரி இருந்த மணிகள் தூளுப்பாகச் சிறுத்துவிடும். அப்புறம் வளையும். முனை ஊர்ந்துபோனாலோ சூடு தங்கி, மணிகள் மறுபடி பெருத்துவிடும். இதை ஆராயத்தான் அவள் மதுரையிலிருந்து ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தது. தெரிந்தேதான் வேகத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணம், பட்டறையில் அந்த இயந்திரத்தை ஓட்டும் ஜேசுரட்ணம்.

அவர் இலங்கையின் மன்னார்க்காரர். முனை ஓடி முடியும்வரை இருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது பட்டறை விதி. டெலிபோன் கார்டில் அம்மாவோடு பேசும் கொஞ்ச நேரம் போக, அவள் வாயில் தமிழ் வருவது அங்கே மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி அறையில் தன் இருமலே அவளைத் திடுக்கிட வைக்கும். பட்டறையில் அவர் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுவார். முன்பு ஹம் நகரில் இருந்தபோது கருவாடு பொரித்ததற்கு வீட்டுக்காரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட கதையை நாலு தகடு வரைக்கும் இழுத்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கதை கேட்கப் படிப்பைப் பாழாக்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இந்த மாதம் ஒரு தகடாவது வளையாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போனாள்.

"ஸ்பீடை ஆறு மடங்கு ஏத்திடுங்க அண்ணா."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "ஓம் தங்கச்சி," என்றார். முனை இறங்கியது. தேநீரை ஊற்றியபடி, சிரிப்பில்லாத குரலில் மனைவியைப் பற்றி ஆரம்பித்தார்.

"எவ்லின் பிள்ளையளோடை கனடாவிலை தமக்கை வீட்டை போனவவெல்லோ. இனி வரமாட்டா போலை கிடக்கு..."

அதற்குள் முனை ஓடி முடிந்து மேலே எழுந்துவிட்டது. தகட்டின் கோடியில், அது வெளியே வந்த இடத்தில், வழக்கம்போல் ஒரு குழி. அடுத்து இயந்திரத்தைப் பதிவு செய்திருந்த மாணவன் வாசலில் நின்றான். ஜேசுரட்ணம் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பிடிகளைத் தளர்த்தினார்.

மேல்மாடியில் தகடு வளைந்தது. ஒரு விரிசல்கூட இல்லை. பேராசிரியர் கைகொடுத்தார், இனிப் பட்டறை வேலை தேவையில்லை, ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம் என்றார். அவள் சிரித்து நன்றி சொன்னாள். இதற்காகத்தான் இத்தனை நாள் கிடந்தது, ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானமே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியபின் கீழே இறங்கினாள். அவர் தனியாக இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வளைஞ்சுதோ?"

"வளைஞ்சிடுச்சு அண்ணா." கையிலிருந்த புதுத் தகட்டை நீட்டினாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. பழைய ஸ்பீடுல போடலாம்."

அவர் அதை வாங்கிக்கொண்டார். தகட்டை வைத்து இறுக்கினார். முனை இறங்கி ஊர ஆரம்பித்தது. காலையில் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு, இரண்டு கோப்பைகளிலும் புதிதாக ஊற்றினார். தகட்டின் மறுகோடி இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.