அடிக்காமல் விட்ட இடம்

அத்தை வந்ததும் என் மகளின் தலைமுடியைத்தான் பார்த்தார். விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

“செம்பட்டை ஆயிடுச்சு. என்ன சாப்பிடறா?”

“சாதம், பருப்பு.”

“பொய் பாட்டி,” என்றாள் மகள். “பருப்புத் தண்ணி.”

சந்தைக்குக் காய் வருவது நின்று வெகு நாளாகியிருந்தது. முட்டை கண்ணிலேயே படவில்லை. நான் வேலை பார்த்த கண்ணாடிக் கிடங்கை மூடிவிட்டார்கள். கையில் கல்லூரிப் பட்டம் இருந்தது. அதை வேகவைக்க முடியாது.

“என் வீட்டுல நாலு கோழியாவது இருக்கு மாப்ளே. இவளை அனுப்பிடுங்க.”

“நான் பார்த்துக்கறேன் அத்தை.”

“எதைப் பார்த்துப்பீங்க? காலிச் சட்டியையா? அடுத்த மாசம் வரேன். இவ துணிக்குப் பையோட வரேன்.”

அத்தை கெட்டவர் இல்லை. பெண்ணைப் பறிகொடுத்தவர், பேத்தியைத் தேயவிட மாட்டார். ஆனால் இந்த வீட்டில் பேச்சுக் குரல் என்று ஒன்று இருந்தால் அது என் மகளுடையது. அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

கீழ் வீட்டுக்காரரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாயை மூடமாட்டார். ஓட்டல்களுக்குச் சிப்பிக் காளான் வளர்த்துக் கொடுத்தவர். ஓட்டல்களும் இப்போது மூடிக் கிடந்தன. கண்ணாடி சுற்றும் வைக்கோல் மூடிய கிடங்கில் வீணாகிறது, காவலாளியைக் கேட்டால் தருவார் என்று அவரிடம் சொன்னேன். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. காளான் விதை அவர் கொடுப்பார்.

“இருட்டா, ஈரமா ஒரு அறை வேணும் தம்பி. மொட்டை மாடியெல்லாம் கதைக்கு ஆகாது. இருக்கா?”

இருந்தது. என் மனைவி இறந்த பிறகு நான் பூட்டிய படுக்கையறை. நானும் மகளும் கூடத்தில்தான் படுக்கிறோம்.

கட்டிலைக் கழற்றினேன். அவள் உடைகளைப் பெட்டியில் போட்டேன். எதுவும் தோன்றவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருந்தார் ரேடியோ. அடித்தேன். தலைமாட்டில் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே சாய்ந்துதான் அவள் படிப்பாள். தலை எண்ணெய் ஊறி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தினேன். பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு பிடி விதை, மறுபடி வைக்கோல். வாயைக் கட்டி, துளை போட்டு, கம்பியில் தொங்கவிட்டேன். சுற்றிலும் ஈரச் சாக்கு.

பைகளுக்குள் வெள்ளை நூல் ஓடத் தொடங்கியது. மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு பையில் பச்சை பூத்தது. அடுத்ததில். எல்லாவற்றிலும்.

ரேடியோ ஒரு பையை முகர்ந்து பார்த்தார். “பூஞ்சணம். தூக்கி எறிங்க. சுவரு முழுக்க அடிச்சீங்களா?”

“அடிச்சேன்.”

“முழுக்க?”

தலைமாட்டுச் சுவரைப் பார்த்தேன். அவர் டார்ச்சை அடித்தார். கறை முழுவதும் பச்சை படர்ந்திருந்தது. நான் தெளித்த ஈரம் அங்கேதான் முதலில் வேலை செய்திருக்கிறது.

ரேடியோ டார்ச்சை அணைத்தார். “விதை இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

உப்புத்தாளை எடுத்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது அம்மா தலை வெச்ச இடம்.”

“ஆமா.”

“அழிக்கப் போறியா?”

“அழிக்கலைன்னா நீ பாட்டி வீட்டுக்குப் போகணும்.”

யோசித்தாள். “அப்போ மெதுவா தேய்.”

மெதுவாகத்தான் தேய்த்தேன். பிறகு சுண்ணாம்பு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மறுபடி வைக்கோலை நறுக்க உட்கார்ந்தேன்.

அத்தை சொன்னபடியே வந்தார், கையில் காலிப் பையோடு. மகள் அவரை இழுத்துப்போய் அறைக் கதவைத் திறந்தாள். துளைக்குத் துளை சாம்பல் நிறக் கொத்து விரிந்திருந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

“எண்ணெய்த் தலையைச் சுவத்துல வைக்காதேடின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது,” என்றார். “கேட்டாளா?”

“கேக்கல அத்தை.”

“நீங்களா அழிச்சீங்க?”

“ஆமா.”

உப்பும் மிளகும் போட்டு வதக்கிய காளானை மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அத்தை தன் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

“புள்ளை இங்கயே இருக்கட்டும். முட்டைக்கு நான் பொறுப்பு.” கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “எனக்கும் ரெண்டு பை கட்டித் தாங்க. என் வீட்டுல வளருமா?”

“சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சா வளரும்.”

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அங்கயும் ஒரு கறை இருக்கு மாப்ளே. சின்ன வயசுல இருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.”

“அப்போ அடிக்க வேணாம் அத்தை. காளானை நானே கொண்டுவரேன்.”

இரண்டு கொத்தைத் திருகிப் பறித்து, மகளின் துணிக்காக அவர் கொண்டுவந்த பையில் போட்டேன்.