நினைவகம் காலிசெய்யும் வழிபாடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த அந்த நிறுவனத்தில் அரைமணிக்கு ஒருமுறை மணியடிக்கும். பதினான்கு பேரும் எழுந்து நிற்பார்கள். உரிமையாளர் ஞானசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் நுழைந்து, ஒரு பொத்தானை அழுத்தி, நினைவகத்தைக் காலிசெய்வார். திரையில் தொண்ணூற்றாறு விழுக்காட்டில் சிவந்து நின்ற கோடு தரையில் விழும். எல்லார் முகத்திலும் அருள் வழியும்.

அனுப்பிரியா மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள். சர்வர் அவள் பொறுப்பு. அந்த ஒற்றை இயந்திரத்துக்குள் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகள், குடித்தனம் நடத்தின. அவை படித்த கோப்புகளின் நகலை நினைவகம் கையருகே வைத்துக்கொள்வதால்தான், கிழட்டு ஹார்டு டிஸ்கை ஓயாமல் துழாவ வேண்டியதில்லை. நிரம்பியிருப்பது நோயன்று, உழைப்பு! வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் அதுவே ஒதுங்கிக் கொடுக்கும். ஆனால், சிவப்பென்றால் ஆபத்து என்று ஒருவர் நம்பிவிட்ட இடத்தில் அறிவுக்கு நாற்காலி ஏது?

அன்று சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி. விண்ணப்பத் தளம் ஓடியது இந்தச் சர்வரில். நாலு மணி வழிபாடு முடிந்ததும், எல்லாவற்றையும் மறுபடி டிஸ்கில் துழாவ வேண்டி வந்ததால் தளம் முடங்கியது. சிதம்பரம் பிரவுசிங் சென்டரிலிருந்து தங்கை சுவேதா அழைத்தாள்.

"அக்கா, சுத்திக்கினே இருக்குக்கா! பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. இந்த வருசமும் போச்சுன்னா அப்பா என்னக் கட்டிக் குடுத்துடுவாருக்கா!"

அனுப்பிரியா ஓடினாள். "சார், அஞ்சு மணி வரைக்கும் காலி பண்ணாதீங்க. சைட்டே நிக்குது."

"செவப்பு ஏறுனா இன்னா ஆவும், தெரியுமாம்மா?"

"ஒண்ணும் ஆவாது சார்."

"உனக்குப் படிப்பு ஜாஸ்தி, பயம் கம்மி. நாலரைக்கு ரெண்டு தடவையா காலி பண்ணிட்டா சரியாப்பூடும்."

விளக்கம் தோற்ற இடத்தில் வண்ணம் வெல்லக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. இருக்கைக்குத் திரும்பி, அந்தக் கோட்டின் அமைப்பைத் திறந்தாள். தொண்ணூறுக்கு மேல் சிவப்பு என்றிருந்ததைப் பச்சை என்று மாற்றினாள். கீழே போனால் சிவப்பு.

நாலரைக்குக் காவலாளி சிங்காரம் மணியடித்தார். பதினான்கு பேரும் எழுந்தார்கள். ஞானசேகரன் திரையைப் பார்த்தார். தொண்ணூற்றேழு, பச்சைப் பசேல். நீட்டிய விரல் பாதியில் நின்றது.

"பாத்தியாம்மா? நாலு மணிக்கு நான் பண்ணது இப்பதான் வேல செய்யுது."

"ஆமா சார்."

பத்தே நிமிடத்தில் மறுபடி சுவேதா. "போயிடுச்சிக்கா! நம்பர் வந்துடுச்சி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிரியா நிமிர்ந்தாள். எதிரே ஞானசேகரன், முகமெல்லாம் கவலையாக.

"மூணு பர்சன்ட் இன்னும் காலியாவே கெடக்கேம்மா. எதுனா போட்டு ரொப்பு!"