குப்பி ஏறாமல் உப்பு ஏறாது

கிழக்கு வெளுக்கும் முன்பே உப்புப் பெட்டி தலையேறிவிட்டது. ஓலை இடுக்கில் வழிந்த உப்புநீர் விக்டோரியாவின் கழுத்துச் சிராய்ப்புகளைத் தேடித் தேடி எரித்தது. தோணிக்குப் போட்டிருந்த பலகை காலடியில் நெளிந்தது. அவள் புருஷன் இனிகோ இதே பலகையில் சறுக்கித்தான் துருவேறிய ஆணியில் காலைக் கிழித்துக்கொண்டான்.

தூத்துக்குடிக் கரையில் ஆணி கிழிப்பது புதிதல்ல. சுதந்திரம் வந்த கையோடு பெனிசிலின் ஊசியும் வந்து, பயம்கூட விட்டுப்போயிருந்தது. ஆனால் இனிகோவுக்கு ஊசிக்கு மேல் ஊசி போட்டும் சீழ் தொடைவரை ஏறியது. அவனுக்கு முன்னால் இப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

"ஊசிக்கு அடங்காத கிருமிம்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர் கிருபாபாய். "கொழும்புத் துறைமுகத்திலயும் இதே புண்ணுதான். ரெண்டு கரைச் சீழையும் ஒண்ணா வச்சுச் சோதிச்சாத்தான் ஒரே கிருமியா, எங்கெங்க பரவுது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு தெரியும். அங்க உள்ள டாக்டர் தயாரா இருக்கார்."

"தபால்ல அனுப்புங்களேன்."

"போய்ச் சேருமுன்ன வெயில்ல கெட்டுப்போகும். சர்க்காரைக் கேட்டா அந்நிய நாட்டு விவகாரம்ங்கான். நேரா போற தோணிதான் வழி. தாமதமானா காலை எடுக்கணும்."

சீழ்க் குப்பியை மரத்தூளில் பொதிந்து எடுத்துக்கொண்டு இருவரும் தோணி முதலாளி செந்தில்வேலின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனார்கள்.

"இது போனா கொழும்புல என் தோணியை நோய்த்தோணின்னு வெளிக்கடல்ல நிறுத்திருவான்," என்றார் அவர். "யாவாரம் படுத்துரும்."

"எம் புருஷன் காலு அழுகுது முதலாளி."

"பலகையில பாத்து நடக்கச் சொல்லு."

விக்டோரியா ஓரடி முன்னால் வந்தாள். "அந்தக் கிருமி அங்கனயும் இங்கனயும் ஒங்க தோணியிலதான் போய் வருது. அதைத் தடுத்தீயளா? குப்பியை மட்டும் தடுக்கீய!"

"ஏளா, வாய் நீளுது. நாளைக்கு வேலைக்கு வராத."

டாக்டரோடு கரைக்குத் திரும்பியவள் நடந்ததைச் சொன்னாள். சுமை தூக்கும் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் தலைப்பெட்டியை இறக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் எரித்தது.

"சோத்துக்கு என்ன செய்ய?" என்றாள் ஒருத்தி.

"காலு போனபெறகு சோறு எவன் போடுவான்?" கூடச் சுமக்கும் சீனித்தாய் தன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "குப்பி ஏறாம உப்பு ஏறாது. போய்ச் சொல்லுங்க."

ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்ந்தது. தோணிக்காரர்களும் பாயை அவிழ்க்கவில்லை.

மத்தியானம் ஆறுமுகநேரியிலிருந்து லாரி நிறைய ஆள் கொண்டுவந்தார் முதலாளி. உப்பளப் பெண்கள். "ஏறுங்க, இரட்டைக் கூலி!" என்று கணக்கப்பிள்ளை கத்தினான்.

விக்டோரியா வழியை மறித்தாள். அதட்டத்தான் எழுந்தாள், ஆனால் இனிகோவின் கால்தான் வாயில் வந்தது. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

முன்னால் நின்றவள் சேலையைக் கெண்டைக்கால்வரை உயர்த்தினாள். கட்டிய துணியில் சீழ் ஊறியிருந்தது.

"ஊசி போட்டும் ஆறலக்கா. எங்க அளத்துல நாலஞ்சு பேருக்கு இப்படித்தான். உப்புக்கடுப்புன்னு சொல்லித் தொரத்துதாவ."

கரையிலேயே காத்திருந்த டாக்டர் அவள் முன்னால் மண்டியிட்டார். பையைத் திறந்து இன்னொரு குப்பியை எடுத்தார்.

"போலீஸைக் கூப்பிடுவேன்!" என்றது முதலாளியின் குரல்.

இரட்டைக் கூலிக்கு வந்தவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. விக்டோரியா திரும்பிப் போய்த் தன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, அவளுக்குப் பாதி இடம் கொடுத்தாள். பின்னால் லாரியிலிருந்து மற்றவர்களும் இறங்கி வந்து மணலில் உட்கார்ந்தார்கள். தோணி பாதிச் சுமையோடு ஆடிக்கொண்டிருந்தது.