கண் நீரும் கண்ணீரும்

எனக்குத் தாடி முளைக்கும் முன்பே அடுத்தவர் தாடியை மழிக்கத் தொடங்கியவன் நான். இத்தனை காலத்தில் ஒருவர் காதையும் பதம் பார்த்ததில்லை. போன மாதம் பக்கத்துப் பள்ளிக் கணக்கு வாத்தியாரின் காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. "முதல்ல போய்க் கண்ணைக் காட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்ற நினைப்பில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே கண்ணில் காற்றை ஊதினார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தை நுழைத்து, பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கிளாக்கோமா, நரம்பு, பிரஷர் என்று கடகடவென்று ஒப்பித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பிரஷர்னா உப்பைக் குறைக்கணுமா?"

"அது ரத்தத்துல வர்ற பிரஷர். இது வேற" என்றார். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். மருந்து கொடுக்கிற பெண்ணிடம் என்ன வியாதி என்று கேட்டேன். "கண் நீர் அழுத்தம்ங்க. தினம் சாயங்காலம் கண்ணுக்கு ஒரு சொட்டு விடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து, "கண்ணீர் அழுத்தமாம்" என்றேன். என் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நெனச்சேன். உங்க தம்பி செத்தப்ப ஒரு சொட்டு விட்டீங்களா? எல்லாத்தையும் உள்ளயே அமுக்கி வச்சா அது எங்க போகும்? நீங்க அழுத்தக்காரர்னு ஊருக்கே தெரியும். இப்ப டாக்டருக்கும் தெரிஞ்சுபோச்சு."

தம்பி போன வருஷம் சைக்கிளில் போகும்போது லாரியில் அடிபட்டுச் செத்தான். பட்டப்பகல், வெறிச்சோடிய ரோடு, வீடு மாதிரி ஒரு லாரி. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கண்ணை முதுகிலயா வச்சிருந்தான் என்று சாவு வீட்டிலேயே கத்தினேன். அந்தக் கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அன்றிலிருந்து அவள் வைத்தியம் ஆரம்பமானது. வெங்காயம் உரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. டிவியில் அழுகைப் படமாகத் தேடிப் போட்டாள். தம்பியின் சட்டையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள். எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

சொட்டு மருந்து வேறு எரிந்தது. கண் சிவந்து, கடைக்கு வருகிறவர்கள் நேற்று அதிகமாகிவிட்டதா என்று கேட்டார்கள். விட்டும் பார்வையில் கடுகளவு மாற்றமில்லை. வெங்காயமாவது தண்ணீரை வரவழைக்கிறது, பிறகு இது எதற்கு என்று சீசாவைக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். நிலைக்கதவு மட்டும் தினமும் இடது தோளில் இடித்தது.

"பூனை மாதிரி வந்து நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"நான் அப்போலேர்ந்து இங்கயேதாங்க நிக்கிறேன்" என்றாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். கண்ணில் காற்றை ஊதிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

"பிரஷர் அப்படியே இருக்கே. மருந்து விடுறீங்களா?"

"வெங்காயம் உரிக்கிறேன் டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் மனைவி தம்பி கதையிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விழுங்கிக்கொண்டார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"சலூன்."

"தலை அலசுற பேசின்ல முடி அடைச்சிருக்கு, குழாயும் ஓடிட்டே இருக்கு. என்ன ஆகும்?"

"தண்ணி தேங்கும்."

"கண்ணுக்குள்ளயும் ஒரு தண்ணி ஊறிட்டே இருக்கு, வடிஞ்சிட்டே இருக்கணும். கண்ணீர் இல்லைங்க, கண் நீர். உங்களுக்கு அது சரியா வடியல. தேங்கி, பின்னாடி இருக்கிற நரம்பை அழுத்துது. ஓரத்துலேர்ந்து பார்வை போகும். வலிக்காது."

"எனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

அவர் என் வலது கண்ணை மூடி, இடப் பக்கத்திலிருந்து விரலைக் கொண்டுவருவதாகவும், தெரிந்ததும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"எப்பவோ வந்துடுச்சுங்க" என்றாள் என் மனைவி.

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். "பார்வை இல்லன்னா அந்த எடம் கறுப்பா தெரியணும்ல?"

"தெரியாது. மூளை எதையாவது போட்டு நிரப்பிக்கும்."

"மருந்து விட்டா போனது வந்துடும்ல?"

"வராது. லேசர் வச்சாலும், ஆபரேஷன் பண்ணாலும் வராது. இருக்கிறது போகாம பாத்துக்கலாம். கத்தரி பிடிக்கிற அளவுக்குப் பார்வை இன்னும் இருக்கு. மருந்தை விட்டீங்கன்னா அதுவும் போயிடும்."

மருந்தை விட்டால் போய்விடுமா? விடத்தானே சொன்னார்கள்? குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தேன். "நிறுத்தினீங்கன்னா" என்று டாக்டரம்மாவே திருத்தினார். பிறகு கேட்டார். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். கூட்டிட்டு வந்து காட்டுங்க."

நான் மனைவியிடம் கேட்டேன். "லாரி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"பக்கத்துத் தெருவுலேர்ந்துங்க. இடது பக்கம்."

"அவனுக்கும் இருந்திருக்குமா டாக்டர்?"

"பாக்காம எப்படிங்க சொல்றது" என்றார்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் நானே தலையைச் சாய்த்தேன். மனைவி சொட்டு விட்டுக் கண்ணை மூடச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னபடி, மருந்து வடிந்துவிடாமல் மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் தம்பி சைக்கிளில் போனான். பக்கத்தில் லாரி இல்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது.

"அவனுக்குத் தெரியலடி" என்றேன். "தெரியாமதான்டி போயிருக்கான். நான் அவனை..." மேலே பேச முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி வந்தது.

"ஐயோ, இப்ப அழாதீங்க. மருந்தெல்லாம் போயிடும்" என்று பதறினாள் அவள். நான் நிறுத்துகிற மாதிரி இல்லை. மூக்கோரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு என் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"சரி, அழுது முடிங்க. அப்புறம் இன்னொரு சொட்டு விடுறேன்."